பிறந்த நாள் பாப்பா ஏன் அழுதாள்?

மாலை 6 மணி என்று வாட்ஸ்அப் அழைப்பிதழில் போட்டிருந்தது. சென்னையின் தெற்குப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்து கிளப் ஹவுஸில் பாப்பாவின் மூன்றாவது பிறந்த நாள். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக பலூன் வளைவு, மின்விளக்கில் பாப்பாவின் பெயர், மேசை மேல் இரண்டு கிலோ கேக். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ‘சர்ப்ரைஸ்’. பாப்பா தினமும் டி.வி.யில் பார்த்துச் சிரிக்கும் கரடி, நேரிலேயே வந்து அவளுக்குக் கை கொடுக்கப்போகிறது.

ஏழே முக்காலுக்குக் கரடி உள்ளே நுழைந்தது. ஆறடி உயரம். டி.வி.யில் உள்ளங்கை அளவு தெரிந்த முகம், இங்கே அண்டா அளவு இருந்தது. பாப்பா ஒரு நொடி பார்த்தாள். அடுத்த நொடி அவள் போட்ட அலறலில் பாட்டுப் போட்டவரே சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

“ஒண்ணுமில்லடா கண்ணு, அது உன் ஃபிரெண்டு” என்று அப்பா தூக்கிக்கொண்டு கரடியின் பக்கத்தில் போகப் போக, அழுகை ஏறிக்கொண்டே போனது. போட்டோகிராபர் வேறு “சார், ஒரே ஒரு ஷாட்” என்றார். கடைசியில் பாட்டிதான் வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு லிஃப்ட்டில் ஏறினார். கேக் வெட்டும்போது பாப்பாவின் கண்கள் வீங்கியிருந்தன. ஆல்பத்தில் பாதிப் படங்களில் அவள் முகமே இல்லை, பாட்டியின் தோள்தான் இருக்கிறது.

அன்றைக்கு ஒரு மேஜிக் நிபுணரும் வந்திருந்தார். அவரை வரச் சொன்ன நேரம் ஆறரை. மேடை ஏறியது எட்டரைக்கு. அதற்குள் பிள்ளைகள் பாதிப் பேர் பிரியாணி வரிசையில் நின்றார்கள், மீதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள். ஒன்பது மணிக்கு அவருக்கு வேறு இடத்தில் நிகழ்ச்சி. இருபதே நிமிடத்தில் மூட்டை கட்டிவிட்டார்.

“காசு கொடுத்து நம்ம குழந்தைய நாமே அழ வெச்சிருக்கோம்” என்றார் அப்பா, இரவு கணக்குப் பார்க்கும்போது.

கரடி வேஷம் போட்டவர் மேல் தப்பில்லை. மேஜிக் செய்தவர் மேலும் தப்பில்லை. ஏற்பாடு செய்த நிறுவனம், “கரடி, மேஜிக், பலூன், பஞ்சு மிட்டாய் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் மேடம்” என்றது. அம்மா “சரி” என்றார். பாப்பாவுக்கு எத்தனை வயது என்று அவர்களும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. வீட்டு விசேஷத்துக்கு ஆள் பிடிக்கும்போது விட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான்.

ஒரு வயதுப் பிறந்த நாள் உண்மையில் பெரியவர்களின் விசேஷம். காலையில் நட்சத்திரம் பார்த்து ஆயுஷ்ஹோமம், மாலையில் ஹால் என்று இரண்டு வேளையும் குழந்தையை அலங்கரித்து உட்கார வைத்தால், அது கேக் வெட்டும் நேரத்தில் தூங்கத்தான் செய்யும். அந்த வயதுக்கு எந்தக் கலைஞரும் தேவையில்லை. அழைத்தாலும் அது வருகிற அக்கா, அண்ணன் பிள்ளைகளுக்காகத்தான்.

இரண்டு, மூன்று வயதில் முகமூடி என்றாலே பல குழந்தைகளுக்கு பயம். அந்த முகம் சிரித்துக்கொண்டே இருக்கிறது, கண் சிமிட்டுவதில்லை, வாய் அசையாமல் நிற்கிறது. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் அந்த வயதுக் குழந்தை அவர் நல்லவரா, கோபமாக இருக்கிறாரா என்று புரிந்துகொள்கிறது. முகமே மாறாத ஓர் ஆள் கையை நீட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்யும்? ‘பயப்படாதே’ என்று பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது பயத்தைக் கூட்டத்தான் செய்யும். இந்த வயதுக்கு சோப்புக் குமிழி விடுகிறவர் போதும். ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் அத்தனை பிஞ்சுகளும் துள்ளும்.

மேஜிக்கும் அப்படித்தான். வெறும் தொப்பியிலிருந்து பூ வருவது ஏன் ஆச்சரியம்? வராது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது ஆச்சரியம். மூன்று வயதுக் குழந்தைக்கு குழாயில் தண்ணீர் வருவதும் தொப்பியில் பூ வருவதும் ஒன்றுதான். ஐந்து, ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை மேஜிக்குக்குப் பொற்காலம். வாயைப் பிளந்து பார்ப்பார்கள், “நான் வரேன் அங்கிள்” என்று கையைத் தூக்குவார்கள். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் தாங்கும். பத்து வயதைத் தாண்டிவிட்டால் “கைக்குள்ள வெச்சிருக்கீங்க, பார்த்துட்டேன்” என்று மானத்தை வாங்குவார்கள். அவர்களுக்கு வினாடி வினா, புதையல் வேட்டை, வண்ணம் மாறும் திரவம் காட்டும் அறிவியல் நிகழ்ச்சி என்று வேறு வழி பார்க்க வேண்டும். அதையும் அவர்களிடமே கேட்டு முடிவு செய்வது உத்தமம்.

நடுவில் இருக்கும் நான்கு, ஐந்து வயதுக்கு பேசும் பொம்மையும் கதைசொல்லியும்தான் ராஜா. பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு உதடு அசையாமல் பேசும் மாயக்குரல் கலைஞர் ஒருவர், பெட்டி ஒன்றோடு வந்து உட்கார்ந்தாலே போதும். பொம்மலாட்டம், தோல்பாவைக்கூத்து, பொய்க்கால் குதிரை ஆடும் கலைஞர்களையும் அழைக்கலாம். பிறந்த நாள் என்றால் அவர்கள் நினைவுக்கே வருவதில்லை என்பது வருத்தமான விஷயம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொய்க்கால் குதிரை ஒன்று சுற்றி வந்தால், பேட்டரி கார் ஓட்டும் பிள்ளைகளும் அதன் பின்னால்தான் ஓடுவார்கள். ஆனால் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். தோல்பாவைக்கூத்து, திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து நிழல் காட்டும் கலை. இருட்டு வேண்டும். குழல் விளக்கெல்லாம் எரிய, பகல் மூன்று மணிக்கு ஏற்பாடு செய்துவிட்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? இன்ஸ்டாகிராம் வீடியோவில் எல்லா நிகழ்ச்சியும் அமர்க்களமாகத்தான் இருக்கும். முப்பது நொடியில் வெட்டி ஒட்டியது அது. வெட்டாமல் தொடர்ச்சியாக ஐந்து நிமிடம் எடுத்த வீடியோ இருந்தால் அனுப்பச் சொல்லலாம். அதில் கலைஞரைவிட கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும். அவர்கள் எந்த வயது, மேடையைப் பார்க்கிறார்களா, ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்களா? அது போதும். ஏற்கெனவே அழைத்த இரண்டு வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் இன்னும் நல்லது.

அடுத்த முக்கியமான கேள்வி: “நிகழ்ச்சி நடத்தப்போறது நீங்களா, வேற யாராவதா?” நிறுவனம் வழியாகப் பேசினால் வீடியோவில் ஒருவர் இருப்பார், வாசலில் வேறொருவர் வந்து நிற்பார். யார் வரப்போகிறாரோ அவரிடமே பத்து நிமிடம் பேசிவிட வேண்டும். தேதி, நேரம், எத்தனை நிமிடம், மைக்கும் ஸ்பீக்கரும் யார் பொறுப்பு, போக்குவரத்துச் செலவு சேர்த்தா தனியா, தாமதமானால் கூடுதல் பணம் உண்டா, அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் வருவார், முன்பணம் திரும்புமா? இத்தனையையும் பேசி முடித்துவிட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் ஒருமுறை அனுப்பிவிட்டால், பிறகு “நான் அப்படிச் சொல்லலையே” என்ற பேச்சு இருக்காது.

நல்ல கலைஞர் என்றால் அவரே சில கேள்வி கேட்பார். எத்தனை பிள்ளைகள், எந்த வயது, பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது, பின்னால் சுவர் இருக்கிறதா? மேஜிக் செய்கிறவருக்கு முதுகுக்குப் பின்னால் சுவர் முக்கியம். ஹாலின் நடுவில் நிற்க வைத்து நாலு பக்கமும் சொந்தபந்தம் சூழ்ந்துகொண்டால், பின்னால் நிற்கும் சித்தப்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உரக்கச் சொல்லியும் விடுவார். எதுவுமே கேட்காமல் “வந்துடறேன் சார், பார்த்துக்கலாம்” என்கிறவரிடம் கொஞ்சம் யோசிக்கலாம்.

புறா, முயல் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அதற்கான பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. விலங்கு, பறவைகளை வைத்து நிகழ்ச்சி நடத்த, 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி இந்திய விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கிளி என்றால் வேண்டவே வேண்டாம். இந்த மண்ணின் பச்சைக்கிளியைப் பிடித்து வைத்திருப்பதே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம்.

நேரம்தான் பெரிய வில்லன். அழைப்பிதழில் 6 மணி என்று போட்டால் ஏழரைக்கு வருவதுதான் ஊர் வழக்கம். அதற்காக “எல்லாரும் வரட்டும்” என்று காத்திருந்தால், சரியாக வந்த குழந்தைகள் பசியிலும் தூக்கத்திலும் சிணுங்க ஆரம்பிக்கும். தாமதமாக வருகிறவர்கள் பெரியவர்கள், நிகழ்ச்சியோ பிள்ளைகளுக்கு. எனவே அதே குடியிருப்பில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் தொடங்கிவிடலாம். பிள்ளைகள் வந்தவுடன் கையில் ஒரு ஜூஸ், இரண்டு பிஸ்கட், பிறகு நிகழ்ச்சி, உடனே கேக், அதன் பின் சாப்பாடு என்று வைத்தால் ஓட்டம் சரியாக இருக்கும். கேக்கை முதலில் வெட்டிவிட்டால் கதை முடிந்தது. முகத்தில் கிரீமும் கையில் தட்டுமாக இருக்கும் பிள்ளைகளை எந்தக் கொம்பனாலும் உட்கார வைக்க முடியாது. பெரியவர்கள் கூட்டமாக பின்னால் நின்று பேசுவதும் நிகழ்ச்சியைக் கொல்லும். அவர்களுக்கு காபி, பஜ்ஜியை வேறு மூலையில் வைத்துவிடுவது ஒரு தந்திரம்.

மைக் பிடித்து விளையாட்டு நடத்தும் ஆங்கர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திறமைசாலிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் சிலருக்கு சிரிப்பு வரவழைக்க ஒரே வழிதான் தெரியும். யாராவது ஒரு குழந்தையைக் கூட்டத்தின் முன்னால் நிறுத்துவது. “குண்டு பாப்பா இங்க வா, வீட்ல என்ன ரேஷன் அரிசி மொத்தமும் உனக்கா?” கூட்டம் சிரிக்கும், அந்தக் குழந்தையும் சேர்ந்து சிரிக்கும். வீட்டுக்குப் போய் இரவு சாப்பாடு வேண்டாம் என்று சொல்லும். நிறம், உயரம், திக்கிப் பேசுவது, “உனக்கு கேர்ள் ஃபிரெண்டு யாரு?” என்று ஆறு வயதுப் பையனிடம் கேட்பது, அப்பா பிடிக்குமா அம்மா பிடிக்குமா என்று பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளையிடம் கேட்பது... பிறந்த நாள் வீட்டுக்கு வந்த இன்னொருவர் வீட்டுக் குழந்தை அது. அழைத்தவர்கள்தான் பொறுப்பு.

அதனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: “உடம்பு, நிறம் பத்தி ஜோக் வேண்டாம். மேடைக்கு வர விருப்பமில்லாத குழந்தையை இழுக்க வேண்டாம். இரட்டை அர்த்தப் பாட்டு வேண்டாம்.” கூச்ச சுபாவமுள்ள குழந்தையோ, ஆட்டிசம் உள்ள குழந்தையோ வருகிறது என்றால் அதன் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு, சத்தம் கொஞ்சம் குறைவாக, கதவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கலாம். மியூசிக்கல் சேர் மாதிரி ஒவ்வொருவராக வெளியே அனுப்பும் விளையாட்டில், முதலில் வெளியேறுவது எப்போதும் சின்னஞ்சிறுசுதான். மீதி நேரம் முழுக்க அது மூலையில் நின்று வேடிக்கை பார்க்கும். பாட்டு நின்றதும் எல்லாரும் சிலையாக வேண்டும் என்பது போல யாரையும் வெளியேற்றாத விளையாட்டுகள் எத்தனையோ உண்டு.

ஆபத்துகள் சிலவும் இருக்கின்றன. மேலே பறக்கும் பலூனில் ஹீலியம்தான் இருக்க வேண்டும், அது தீப்பிடிக்காது. விலை அதிகம் என்பதால் சிலர் ஹைட்ரஜனை அடைத்துத் தருகிறார்கள். மெழுகுவர்த்தி பக்கத்தில் போனால் குப்பென்று பற்றும். வியாபாரியிடம் தெளிவாகக் கேட்டும் நம்பிக்கை வரவில்லையென்றால், வாயால் ஊதிக் கட்டிய பலூனே அழகு. கேக் வெட்டும்போது பீய்ச்சும் ‘ஸ்னோ ஸ்பிரே’யை வெளியே தள்ளும் வாயுவும் பல டப்பாக்களில் எரியும் வாயுதான். எரியும் மெழுகுவர்த்தி முன் அதை அடிப்பது பிறந்த நாள் குழந்தையின் முடியில் நெருப்பு வைப்பதற்குச் சமம். வெடித்த பலூன் துண்டுகளை உடனுக்குடன் பொறுக்கிவிட வேண்டும். வாயில் போட்டால் தொண்டையை அடைத்துக்கொள்ளும். முகத்தில் ஓவியம் வரைகிறவர் இருந்தால், முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு புள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

பேக்கேஜில் வரும் ஸ்டால்களிலும் ஒரு கண் வேண்டும். ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், கர்நாடகத்தின் தாவணகெரேயில் ஒரு சிறுவன் ‘ஸ்மோக் பிஸ்கட்’ சாப்பிட்டுத் துடித்த வீடியோ பரவியது. அதையடுத்து திரவ நைட்ரஜன் கலந்து தரும் பண்டங்களுக்கு எதிராக தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரித்தது. வாயில் புகை வருவது படத்துக்கு நன்றாக இருக்கும், குடலுக்கு ஆகாது.

இவ்வளவும் கேட்கிற வீட்டார், வருகிற கலைஞருக்குச் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அந்தக் கரடித் தோலுக்குள் ஓர் ஆள் இருக்கிறார். பஞ்சும் ஃபோமும் வைத்துத் தைத்த உடுப்பு, மூச்சு விடவும் வெளியே பார்க்கவும் சின்னத் துளை. சென்னை வெயில் மாதத்தில் பத்து நிமிடம் அதைப் போட்டுப் பார்த்தால் தெரியும். பிள்ளைகள் வாலை இழுப்பதும் வயிற்றில் குத்துவதும் உள்ளே இருப்பவருக்கு விளையாட்டல்ல. கால் மணிக்கு ஒருமுறை தலையைக் கழற்றி மூச்சு வாங்க, மின்விசிறி உள்ள ஓர் அறையும் ஒரு சொம்புத் தண்ணீரும் கட்டாயம். வாட்ச்மேன் ரூமில் உடை மாற்றச் சொல்வது மரியாதையல்ல. தலையைக் கழற்றும்போது உள்ளே இருப்பது பள்ளிக்கூடப் பையன் என்று தெரிந்தால், நிறுவனத்திடம் கறாராகக் கேட்க வேண்டும். பதினான்கு வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம்.

பேசிய பணத்தை நிகழ்ச்சி முடிந்ததும் கையில் கொடுத்துவிடுவது நல்லது. “நாளைக்கு ஜிபே பண்றேன்” என்பது, பந்தியில் கடைசி ஆளாகக் காத்திருக்கிறவரிடம் சொல்லும் வார்த்தையில்லை. அவரையும் இலையில் உட்கார வைக்க வேண்டும்.

அந்தப் பாப்பாவின் வீட்டில் மறுவருடம் கிளப் ஹவுஸ் இல்லை, கரடி இல்லை. “மூணு மாசமா கரடி படம் போட்ட சட்டையக்கூடப் போட மாட்டேங்கறா. இந்த வருஷம் வீட்டோட வெச்சுக்கலாம்ங்க” என்றார் அம்மா. பாட்டிக்கும் அதில் சந்தோஷம். நட்சத்திரத்தன்று காலையில் கோயிலும் பாயசமும் முடிந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு மொட்டை மாடி. அசோசியேஷனில் அனுமதி வாங்கி, ஜமக்காளம் விரித்து, பதினான்கு பிள்ளைகள். மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க வேண்டாம், குத்துவிளக்கை ஏற்று என்று பாட்டி சொல்லியிருந்தார். கேக்கும் இருந்தது, விளக்கும் இருந்தது.

இந்த முறை அம்மாவே கலைஞரிடம் போனில் பேசினார். பேசும் பொம்மை வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர். பணம் பேசுவதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, “பாப்பாவுக்கு என்ன வயசும்மா?” இரண்டாவது கேள்வி, “எதுக்காவது பயப்படுவாளா?”

அம்மா கரடிக் கதையைச் சொன்னார். “அப்ப நான் பொம்மைய எடுத்துக்கிட்டு நேரா வர மாட்டேன். அது பையில தூங்கட்டும். பாப்பாதான் எழுப்பணும்” என்றார் அவர்.

அப்படித்தான் நடந்தது. சாதாரண வேட்டி சட்டையில் வந்து ஜமக்காளத்தில் பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. பையிலிருந்து குறட்டைச் சத்தம். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாப்பா பாட்டியின் மடியை விட்டு இறங்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை. “யாரும் சத்தம் போடாதீங்க, இவன் எழுந்தா பசின்னு அழுவான்” என்று சொல்லிவிட்டு, மற்ற பிள்ளைகளோடு பேச ஆரம்பித்தார். பத்து நிமிடம் போனது. குறட்டை நின்றது, மறுபடி வந்தது. பாப்பா பாட்டியின் மடியிலிருந்து ஜமக்காளத்துக்கு வந்தாள், அங்கிருந்து இரண்டாவது வரிசைக்கு, பிறகு முதல் வரிசைக்கு.

பையின் வாயை விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்து, “எந்திரி” என்றாள் மெதுவாக.

நிகழ்ச்சி முடிந்து, கலைஞர் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாப்பா ஒரு தட்டில் கேசரியை எடுத்துக்கொண்டு, சிந்தாமல் நடந்து வந்து, துணிப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அங்கிளுக்கா கண்ணு?” என்றார் பாட்டி.

“இல்ல. அவனுக்கு.”